சுவாகிலிப் பேச்சு வழக்கில் களைப்பை வெளிப்படுத்துதல்

சுவாகிலிப் பேச்சு வழக்கில் களைப்பை வெளிப்படுத்துதல் என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழியில் உடற்சோர்வு, மனச்சோர்வு, சலிப்பு ஆகியவற்றை அன்றாட உரையாடலில் தெரிவிக்கும் முறைகளைக் குறிக்கும். இதற்கு அடிப்படையாக அமைவது "ச்சோக்கா" என்னும் வினையடி ஆகும். "நிமெச்சோக்கா" (நான் களைத்துவிட்டேன்) என்ற ஒரே சொல்லே முழு வாக்கியமாக நிற்கும். ஒருவர் தம் களைப்பைக் கூறியதும் கேட்பவர் "போலே" என்று ஆறுதல் மொழிவது வழக்கம். எனவே களைப்பைச் சொல்வது இம்மொழியில் இலக்கணம் சார்ந்தது மட்டுமன்று. சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து நிறைவு செய்யும் ஒரு சமூக வழக்கமும் ஆகும்.

மொழிப் பின்னணி

சுவாகிலி பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி. "கரையோரங்கள்" எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இதன் பெயர் தோன்றியது. தான்சானியா, கென்யா, உகாண்டா, கொங்கோ மக்களாட்சிக் குடியரசு முதலிய நாடுகளில் இது பேசப்படுகிறது. பலருக்கு இது தாய்மொழியன்று. வெவ்வேறு தாய்மொழி உடையோர் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படும் பொது மொழியாகும். சான்சிபார் நகர வழக்கை அடிப்படையாகக் கொண்டு 1930 முதல் இதன் எழுத்து வழக்கு தரப்படுத்தப்பட்டது. கென்யாவின் 2010 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதனைத் தேசிய மொழியாகவும் ஆட்சி மொழிகளுள் ஒன்றாகவும் அறிவித்தது. யுனெஸ்கோ அமைப்பு 2021 இல் சூலை 7 ஆம் நாளை உலக சுவாகிலி மொழி நாளாக அறிவித்தது.

ஒலிபெயர்ப்புக் குறிப்பு

சுவாகிலி இலத்தீன் எழுத்துகளில் எழுதப்படுகிறது. இக்கட்டுரையில் சொற்கள் ஏறக்குறைய ஒலிக்கும் வகையில் தமிழில் எழுதப்பட்டுள்ளன. சொல்லிடையில் வரும் "க்க", "ச்ச", "த்த", "ப்ப" ஆகியன வல்லொலியைக் காட்டுவதற்காக எழுதப்பட்டவை. அவற்றை இரட்டித்து ஒலிக்க வேண்டியதில்லை. தனித்து வரும் "ச" மென்மையாக, "சங்கு" என்பதன் முதல் ஒலிபோல் ஒலிக்கும். சுவாகிலியில் அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயல் அசையில் விழும். "நிமெச்சோக்கா" என்பதில் "ச்சோ" அழுத்தம் பெறுகிறது.

வினையின் அமைப்பு

தமிழைப் போலவே சுவாகிலியும் ஒட்டுநிலை மொழி. ஆனால் தமிழில் காலமும் இடமும் வினையடிக்குப் பின்னால் ஒட்டும். சுவாகிலியில் அவை முன்னால் ஒட்டும். "நிமெச்சோக்கா" என்பதைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

- நி: நான் (எழுவாய் முன்னொட்டு)
- மெ: நிறைவைக் காட்டும் முன்னொட்டு
- ச்சோக்கா: களைப்படை (வினையடி)

எழுவாய் முன்னொட்டை மாற்றினால் பிற இடங்களுக்கு உரிய வடிவங்கள் கிடைக்கும்:

- நிமெச்சோக்கா: நான் களைத்துவிட்டேன்
- உமெச்சோக்கா: நீ களைத்துவிட்டாய்
- அமெச்சோக்கா: அவன், அவள் அல்லது அவர் களைத்துவிட்டார்
- துமெச்சோக்கா: நாம் அல்லது நாங்கள் களைத்துவிட்டோம்
- ம்மெச்சோக்கா: நீங்கள் (பலர்) களைத்துவிட்டீர்கள்
- வமெச்சோக்கா: அவர்கள் களைத்துவிட்டார்கள்

சுவாகிலி வினையில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லை. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் இல்லை. ஒருவரை மரியாதையாக விளிக்கப் பன்மை வடிவம் கட்டாயமன்று. மரியாதை பெரும்பாலும் விளிச்சொல்லாலும் வாழ்த்துச் சொல்லாலும் காட்டப்படுகிறது.

நிறைவு முன்னொட்டு ஏன்?

"களைப்பாக இருக்கிறேன்" என்ற தற்போதைய நிலையைச் சொல்லச் சுவாகிலியில் நிகழ்கால வடிவம் பயன்படுவதில்லை. ஒரு மாற்றம் நிகழ்ந்து முடிந்து, அதன் விளைவு இப்போதும் நீடிக்கிறது என்பதையே "மெ" காட்டுகிறது. களைப்படைதல் முடிந்துவிட்டது, எனவே இப்போது களைப்பு நிலையில் இருக்கிறேன் என்பது இதன் பொருள். தூங்குதல் ("அமெலாலா": அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்), நிற்றல் ("அமெசிமாமா": அவர் நின்றுகொண்டிருக்கிறார்), வயிறு நிறைதல் ("நிமெஷீபா": எனக்கு வயிறு நிறைந்துள்ளது) போன்ற வினைகளும் இதே முறையில் இயங்குகின்றன.

காலமும் எதிர்மறையும் மாறும்போது பொருள் நுட்பமாக வேறுபடுவதைப் பின்வரும் பட்டியலில் காணலாம்:

- நினச்சோக்கா: களைப்படைந்து வருகிறேன் (இன்னும் முழுதாகக் களைக்கவில்லை)
- நிமெஷச்சோக்கா: ஏற்கெனவே களைத்துவிட்டேன்
- நிலிச்சோக்கா: களைத்துப்போனேன் (கடந்த நிகழ்வு)
- நிலிக்கூவா நிமெச்சோக்கா: அப்போது களைப்பாக இருந்தேன்
- நித்தச்சோக்கா: களைத்துவிடுவேன்
- சிஜச்சோக்கா: இன்னும் களைக்கவில்லை
- சிச்சோக்கி: நான் களைப்பதே இல்லை

இவற்றுள் கடைசி இரண்டும் கவனிக்கத்தக்கவை. "சிஜச்சோக்கா" என்பதில் உள்ள "ஜ" என்னும் உறுப்பு "இன்னும் இல்லை" என்ற பொருளைத் தருகிறது. பின்னர் களைப்பு வரக்கூடும் என்பது அதில் அடங்கியுள்ளது. "சிச்சோக்கி" என்பது இயல்பைக் கூறும் எதிர்மறை. "ஹச்சோக்கி" (அவர் களைப்பதே இல்லை) என்பது உழைப்பாளி ஒருவரைப் புகழவும் பயன்படும்.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என நான்காம் வேற்றுமையில் கூறலாம்; "நான் களைத்துவிட்டேன்" எனவும் கூறலாம். சுவாகிலியில் இரண்டாவது முறையே இயல்பானது. "எனக்கு" என்பதை அப்படியே சுவாகிலியில் பெயர்த்தால் இயல்பான வாக்கியம் அமையாது. அதே வேளையில் தமிழின் "விடு" என்னும் துணைவினை தரும் நிறைவுப் பொருள் சுவாகிலியின் "மெ" முன்னொட்டுக்கு மிக அருகில் உள்ளது. ஆகவே "களைத்துவிட்டேன்" என்பதை மனத்திற் கொண்டால் தமிழ் மாணவர்களுக்கு இவ்வடிவம் எளிதில் விளங்கும்.

பசி, தாகம், தூக்கம் ஆகியன வேறு முறையில் கூறப்படுகின்றன. "நீனா ன்ஜா" (பசி உள்ளது), "நீனா கீயூ" (தாகம் உள்ளது), "நீனா உசிங்கீஸி" (தூக்கம் வருகிறது) என "உடையேன்" என்னும் பொருள்தரும் "நீனா" வருகிறது. இதைப் பின்பற்றிப் புதிதாகக் கற்போர் களைப்புக்கும் "நீனா ச்சோக்கா" எனக் கூறுவதுண்டு. அது கேட்பவர் காதில் "நினச்சோக்கா" என விழும். அதாவது "களைத்துக்கொண்டு வருகிறேன்" என்று பொருள்படும். உரையாடல் தடைபடாது, ஆனால் ஓய்வு தேவைப்படுபவர் இன்னும் சிறிது வேலை செய்யக்கூடியவராக எண்ணப்படுவார்.

வழிச்சொற்கள்

ஒரே வினையடியிலிருந்து பல சொற்கள் தோன்றுகின்றன:

- ச்சோஷா: களைப்படையச் செய். "காஸி ஹீயி இனச்சோஷா" (இந்த வேலை களைப்பூட்டுகிறது). "சஃபாரி இமெனிச்சோஷா" (பயணம் என்னைக் களைப்படையச் செய்துவிட்டது).
- ச்சோஷ்வா: களைப்படையச் செய்யப்படு. "நிமெச்சோஷ்வா நா கெலேலே" (இரைச்சலால் களைத்துவிட்டேன்).
- ஜிச்சோஷா: தன்னைத் தானே களைப்படையச் செய்துகொள். "உனஜிச்சோஷா பூரே" (வீணாக உன்னை வருத்திக்கொள்கிறாய்).
- உச்சோவு: களைப்பு (பெயர்ச்சொல்). "நஹீசி உச்சோவு" (களைப்பை உணர்கிறேன்).
- ம்ச்சோவு: களைத்தவர், இடத்திற்கேற்ப ஊக்கமற்றவர், சோம்பலானவர்.

அன்றாடப் பேச்சில் வினை வடிவமே மிகுதி. "உச்சோவு" என்ற பெயர்ச்சொல் மருத்துவம், செய்தி, எழுத்து வழக்கு ஆகியவற்றில் கூடுதலாக வருகிறது.

களைப்பின் அளவைக் குறித்தல்

வினையைத் தொடர்ந்து ஒரு சொல்லைச் சேர்த்து அளவு காட்டப்படுகிறது:

- நிமெச்சோக்கா கிடோகோ: கொஞ்சம் களைத்துள்ளேன்
- நிமெச்சோக்கா சானா: மிகவும் களைத்துவிட்டேன்
- நிமெச்சோக்கா ம்னோ: அளவு மீறிக் களைத்துவிட்டேன்
- நிமெச்சோக்கா கபீசா: முற்றிலும் களைத்துவிட்டேன்
- நிமெச்சோக்கா ஹோய்: எழ முடியாத அளவு களைத்துவிட்டேன்

"ஹோய்" என்பது ஓய்ந்து கிடக்கும் நிலையைக் குறிக்கும். இதனை நீட்டி "ஹோய் பின் தாபானி" என வேடிக்கையாகவும் கூறுவர். "பின்" என்பது அரபுப் பெயர்களில் "மகன்" எனப் பொருள்படும் சொல். "தாபானி" என்பது களைத்தவர் எனப் பொருள்தரும் அரபுச் சொல்லின் வழி வந்தது. ஆக, "ஓய்ந்தவன், களைத்தவனின் மகன்" என ஓர் ஆளின் பெயரைப் போல இத்தொடர் அமைந்துள்ளது. இதே அரபு வேரிலிருந்து வந்த "தாபு" என்ற சொல் சுவாகிலியில் களைப்பைக் குறிக்காமல் துன்பம், தொல்லை ஆகியவற்றைக் குறிப்பது குறிப்பிடத்தக்கது.

காரணத்தையும் உறுப்பையும் கூறுதல்

காரணத்தைச் சொல்ல "க்வா" (ஆல்) என்ற சொல் பயன்படும். "நிமெச்சோக்கா க்வா காஸி" (வேலையால் களைத்துவிட்டேன்), "நிமெச்சோக்கா க்வா சபாபு யா சஃபாரி" (பயணத்தின் காரணமாகக் களைத்துவிட்டேன்) என்பன எடுத்துக்காட்டுகள்.

உடலின் எப்பகுதி களைத்தது என்பதையும் கூறலாம். அப்போது உறுப்பே எழுவாயாகும். சுவாகிலியின் பெயர்வகுப்புக்கு ஏற்ப முன்னொட்டு மாறும்:

- ம்வீலி உமெச்சோக்கா: உடல் களைத்துவிட்டது
- மிகூவு இமெச்சோக்கா: கால்கள் களைத்துவிட்டன
- மாச்சோ யமெச்சோக்கா: கண்கள் களைத்துவிட்டன
- அக்கீலி இமெச்சோக்கா: மூளை (மனம்) களைத்துவிட்டது

கடைசித் தொடர் மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் பயன்படுத்தத்தக்கது. உடல் உழைப்பின்றி வரும் சோர்வை இது தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

தூக்கம், வலுவின்மை, நோய்

களைப்புக்கு நெருங்கிய பிற நிலைகளுக்குத் தனிச் சொற்கள் உண்டு. "நசிக்கீயா உசிங்கீஸி" என்றால் தூக்கம் வருவதை உணர்கிறேன் என்பது பொருள். "சிக்கீயா" என்னும் வினை கேட்டலையும் உணர்தலையும் குறிக்கும். "அனசின்ஸீயா" என்பது தூங்கி விழுவதையும், "அனப்பீகா மியாயோ" என்பது கொட்டாவி விடுவதையும் குறிக்கும். இரவில் கண்ணே மூடவில்லை என்பதைச் "சிக்குப்பாத்தா ஹாத்தா லேப்பே லா உசிங்கீஸி" எனக் கூறுவர்.

"சினா ங்கூவு" (வலு இல்லை), "நிமெயிஷீவா ங்கூவு" (வலு தீர்ந்துவிட்டது), "நிமெலெகேயா" (உடல் தளர்ந்துவிட்டது) ஆகியவை வெறும் களைப்பைக் காட்டிலும் ஆழமான நிலையைச் சுட்டுகின்றன. உடல்நலக் குறைவு இருப்பின் "நவூம்வா" (உடல்நலமில்லை), "நீனா ஹோமா" (காய்ச்சல் உள்ளது), "ம்வீலி உனவூமா" (உடல் வலிக்கிறது) போன்ற தொடர்கள் சேரும்.

இவ்வேறுபாடு மருத்துவ நிலையங்களில் முக்கியமானது. மலேரியா பரவலாக உள்ள பகுதிகளில் காய்ச்சல், உடல்வலி, சோர்வு ஆகியவை ஒன்றாக வருவதுண்டு. நோயாளி முதலில் "நிமெச்சோக்கா" என்று மட்டும் கூறக்கூடும். அதனை உழைப்பால் வந்த களைப்பு என எடுத்துக்கொண்டால் நோயின் அறிகுறி தவறவிடப்படலாம். "தாங்கு லீனி?" (எப்போதிலிருந்து?), "ஊனா ஹோமா?" (காய்ச்சல் உள்ளதா?) என்ற இரு கேள்விகளும் இவ்விடத்தில் பயனுள்ளவை. அங்கு பணியாற்றச் செல்லும் வெளிநாட்டு மருத்துவப் பணியாளர்கள் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

"போலே" என்னும் மறுமொழி

ஒருவர் களைப்பைக் கூறும்போது கேட்பவர் அமைதியாக இருப்பது பரிவின்மையாகத் தோன்றும். "போலே" அல்லது "போலே சானா" என்பதே வழக்கமான மறுமொழி. பலரை நோக்கிக் கூறும்போது "பொலேனி" என்று வரும். (தமிழில் உவமைப் பொருளில் வரும் "போலே" என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) மென்மை, மெதுவான தன்மை ஆகியவை இதன் அடிப்படைப் பொருள்கள். "போலெப்போலே" என்றால் மெல்ல மெல்ல என்று பொருள்; "உப்போலே" என்றால் மென்மைக் குணம்.

"போலே" மன்னிப்புக் கோரும் சொல் அன்று. தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்கச் "சமஹானி" என்ற சொல் உள்ளது. "போலே" கூறுபவர் எத்தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறர் படும் சிரமத்தைத் தாம் கண்டதாக அவர் தெரிவிக்கிறார். இதனால் களைப்பு, நோய், காயம், இழப்பு ஆகிய அனைத்திற்கும் இச்சொல் பொருந்துகிறது. துக்க வீட்டிலும் இதே சொல் கூறப்படுகிறது.

களைப்பு பற்றி எதுவும் சொல்லாதவரிடமும் இதனைக் கூறலாம். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து செல்வோர் "போலே நா காஸி" (வேலையின் சிரமத்திற்கு என் பரிவு) என்பர். பயணம் முடித்து வந்தவரிடம் "போலே நா சஃபாரி" என்பர். இவ்வழக்கத்தைத் தான்சானியாவில் மிகுதியாகக் கேட்கலாம். இதில் இரக்கத்தைக் காட்டிலும் உழைப்பை மதித்து ஏற்றுக்கொள்ளும் குறிப்பே மேலோங்கியுள்ளது.

இதற்கு "அசாந்தே" (நன்றி) என மறுமொழி கூறலாம். "நிமெஷப்போவா" எனக் கூறுவதும் உண்டு. "போவா" என்பது ஆறுதல், தணிதல், குணமடைதல் ஆகியவற்றைக் குறிக்கும் வினை. "நீங்கள் பரிவு காட்டியதுமே தணிந்துவிட்டேன்" என்னும் நயம் இம்மறுமொழியில் உள்ளது.

இதனைத் தொடர்ந்து "பும்ஸீக்கா கிடோகோ" (சற்று ஓய்வெடு), "ஜிக்காஸே" (மனத்தைத் திடப்படுத்திக்கொள்), "லாலா சலாமா" (நலமாக உறங்கு) போன்ற தொடர்கள் சூழலுக்கேற்ப வரும்.

வாழ்த்தும் களைப்பும்

சுவாகிலி உரையாடல் பெரும்பாலும் நலம் விசாரிப்புடன் தொடங்கும். "ஹபாரி ஸா காஸி?" (வேலை பற்றிய செய்தி என்ன?) என்று கேட்டால், நிலைமை எதுவாயினும் முதலில் "ன்ஸூரி" (நல்லது) எனக் கூறுவது மரபு. அதன் பின்னரே "இலா" அல்லது "லக்கீனி" (ஆனால்) என்று தொடங்கிக் களைப்பைத் தெரிவிப்பர். எடுத்தவுடன் "நிமெச்சோக்கா" எனக் கூறுவது நெருங்கியவர்களிடையே இயல்பானது. மூத்தோரிடமும் அறிமுகம் குறைந்தோரிடமும் சற்று முரட்டுத்தனமாகத் தோன்றும்.

எடுத்துக்காட்டு உரையாடல்கள்

உடன் பணியாற்றும் இருவர், மாலையில்:

- ஹபாரி ஸா காஸி, காக்கா? (வேலை எப்படி, அண்ணா?)
- ன்ஸூரி, இலா நிமெச்சோக்கா சானா லேயோ. (நன்று, ஆனால் இன்று மிகவும் களைத்துவிட்டேன்.)
- போலே சானா. பும்ஸீக்கா பாசி. (ஐயோ பாவம். அப்படியானால் ஓய்வெடுங்கள்.)
- அசாந்தே, நிமெஷப்போவா. (நன்றி, இப்போது பரவாயில்லை.)

பயணம் முடித்து வந்த மூதாட்டியும் இளைஞரும்:

- ஷிக்கமோ, மாமா. (வணக்கம், அம்மா.)
- மரஹாபா, ம்வனாங்கு. (வணக்கம், மகனே.)
- போலே நா சஃபாரி. உமெச்சோக்கா? (பயணம் சிரமமாக இருந்திருக்கும். களைத்துவிட்டீர்களா?)
- நிமெச்சோக்கா கிடோகோ தூ. (கொஞ்சம்தான்.)
- கரீபு உக்காயே உப்பும்ஸீக்கே. (வாருங்கள், அமர்ந்து ஓய்வெடுங்கள்.)

இரண்டாம் உரையாடலில் "மாமா" என்பது தாயையும், தாய்போன்ற பெண்களையும் குறிக்கும் விளிச்சொல். "ஷிக்கமோ" இளையோர் மூத்தோருக்குக் கூறும் வணக்கம். "மரஹாபா" அதற்கான மறுமொழி.

சலிப்பும் பொருள் விரிவும்

"ச்சோக்கா" உடற்களைப்பிலிருந்து சலிப்புக்கும் விரிகிறது. "நிமெச்சோக்கா குசுபீரி" (காத்திருந்து சலித்துவிட்டேன்) என வினைப்பெயருடனும், "நிமெச்சோக்கா நா கெலேலே" (இரைச்சல் சலித்துவிட்டது) என "நா" என்னும் இணைப்புச் சொல்லுடனும் வரும்.

"உனனிச்சோஷா" (நீ என்னைக் களைப்படையச் செய்கிறாய்), "உசினிச்சோஷே" (என்னைக் களைப்படையச் செய்யாதே) ஆகியவை எரிச்சலைக் காட்டுவன. தமிழில் "உயிரை வாங்காதே" என்பதற்கு ஒப்பானவை. மூத்தோரிடம் இவற்றைக் கூறுவது அவமதிப்பாகும்.

"துமெச்சோக்கா" என்ற பன்மை வடிவம் பொதுமக்களின் எதிர்ப்புக் குரலாகவும் ஒலிக்கிறது. விலைவாசி, வரி, ஊழல் ஆகியவற்றுக்கு எதிரான கூட்டங்களில் "இனியும் பொறுக்க மாட்டோம்" என்ற பொருளை இது தருகிறது. கென்யாவில், சுமை தாங்காத மக்களைக் கழுதையாக உருவகித்து "கழுதை களைத்துவிட்டது" எனப் பொருள்படும் தொடரும் வழங்குகிறது.

பொருள்களுக்கும் இவ்வினை வரும். "காரி லிமெச்சோக்கா" என்றால் வண்டி தேய்ந்து பழுதாகிவிட்டது என்று பொருள். "வியாத்து விமெச்சோக்கா" என்றால் காலணிகள் நைந்துவிட்டன என்று பொருள். தோற்றம் கலைந்தவரை "அமெச்சோக்கா" எனக் குறிப்பதும் உண்டு. எனவே ஒருவரைப் பற்றிப் பிறரிடம் இச்சொல்லைக் கூறும்போது சூழல் தெளிவாக இருத்தல் வேண்டும்.

வட்டார வழக்குகள்

கென்யாவின் நகர்ப்புறங்களில் ஆங்கிலச் சொற்கள் கலந்த பேச்சு பரவலாக உள்ளது. "நீக்கோ" (நான் இருக்கிறேன்) என்பதுடன் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து "நீக்கோ டயர்ட்" என இளைஞர் கூறுவர். தூக்கத்திற்குத் தரமான வழக்கில் "நீனா உசிங்கீஸி" வர, கென்யப் பேச்சில் "நீக்கோ நா உசிங்கீஸி" கேட்கிறது. தான்சானியாவில் தரமான வடிவங்களே மிகுதி. எனினும் "நிமெச்சோக்கா" என்ற சொல் இரு நாடுகளிலும் ஐயமின்றி விளங்கும்.

உழைப்பும் ஓய்வும் பற்றிய பழமொழி

"ம்ச்சுமீயா ஜுவானி ஹுலீயா கிவுலீனி" என்பது பரவலாக அறியப்பட்ட சுவாகிலிப் பழமொழி. வெயிலில் ஈட்டுபவன் நிழலில் உண்பான் என்பது இதன் பொருள். களைப்பு, வருங்கால ஓய்வுக்கான விலையாக இதில் பார்க்கப்படுகிறது. களைத்தவரை ஊக்கப்படுத்தவும் இது கூறப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- சுவாகிலி மொழி
- பாண்டு மொழிகள்
- ஒட்டுநிலை மொழி
- சான்சிபார்